எந்தக் கணக்கில் எந்தத் தேதி? விக்கிப்பீடியாவுக்காக நாள்களைச் சரிபார்த்த அனுபவம்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அன்று நடந்த நிகழ்வுகள், பிறந்தவர்கள், இறந்தவர்கள், சிறப்பு நாள்கள் என்று வரிசையாகப் பட்டியல் வரும். முதற்பக்கத்தில் தினமும் வரும் 'இன்றைய நாளில்' பகுதிக்கும் அவையே ஆதாரம். பள்ளிக் காலை வழிபாட்டுக்கு 'இன்றைய சிறப்பு' எழுதித் தரும் ஆசிரியர்கள், வானொலியில் பேசுகிறவர்கள், போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்கும் பிள்ளைகள் எனப் பலரும் அங்கிருந்து எடுத்துப் போகிறார்கள். கட்டுரையில் நடை மோசமாக இருந்தால் படிக்கிறவருக்கே தெரிந்துவிடும், யாராவது திருத்திவிடுவார்கள். தேதி தப்பாக இருந்தால் பார்த்தவுடன் தெரியாது. 10 என்ற எண்ணும் 21 என்ற எண்ணும் ஒரே மாதிரி நம்பிக்கையோடுதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இந்த வேலையில் எனக்கு ஈடுபாடு வந்தது.

முதலில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த கதையைச் சொல்கிறேன். இந்த வேலையின் பெரும்பாலான பாடங்கள் அந்த ஒரு நிகழ்விலேயே கிடைத்துவிடும்.

1746இல் லா பூர்தொனே கப்பற்படையோடு வந்து புனித ஜார்ஜ் கோட்டையைத் தாக்கினார். ஆளுநர் நிக்கலஸ் மோர்ஸ் சரணடைந்தார். ராபர்ட் கிளைவ் அப்போது கம்பெனியில் சாதாரண எழுத்தர். பிடிபட்டவர்களில் அவரும் ஒருவர், பிறகு தப்பிக் கடலூர்ப் பக்கம் புனித டேவிட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோட்டை எந்த நாளில் விழுந்தது என்று தேடினால் செப்டம்பர் 10 என்று சில நூல்களில் இருக்கிறது, செப்டம்பர் 21 என்று வேறு சிலவற்றில் இருக்கிறது. இரண்டுமே நல்ல ஆசிரியர்கள் எழுதிய நூல்கள்.

இப்படிப் பதினொரு நாள் இடைவெளி தெரிந்தால், 18ஆம் நூற்றாண்டு என்றால், உடனே நாட்காட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். போப் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் நாட்காட்டியைத் திருத்தினார். அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. பிரான்சு அதே ஆண்டு டிசம்பரில் மாறிவிட்டது. இங்கிலாந்து 170 ஆண்டுகள் பிடிவாதமாகப் பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்து, 1752இல்தான் மாறியது. அங்கே செப்டம்பர் 2 புதனுக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழன். ஆக 1746இல் பாண்டிச்சேரியும் சென்னையும் ஒரே கரையில், ஒரே காற்றில் இருந்தன. ஆனால் கடிதத் தலைப்பில் இரண்டுக்கும் பதினொரு நாள் வித்தியாசம். ஆங்கிலேயர் எழுதிய 10ஆம் தேதியும் பிரெஞ்சுக்காரர் எழுதிய 21ஆம் தேதியும் ஒரே நாள்.

அது ஒரே நாள்தான் என்று உறுதி செய்ய எளிய வழி கிழமை. கிரகோரி திருத்தத்தில் தேதி தாவியதே தவிர, கிழமை வரிசை அறுபடவில்லை. பழைய கணக்கில் 1746 செப்டம்பர் 10 புதன்கிழமை. புதிய கணக்கில் செப்டம்பர் 21உம் புதன்கிழமை. பழைய ஆவணத்தில் தேதியோடு கிழமையும் இருந்தால் அதை விடாமல் குறித்துக்கொள்வது என் வழக்கம். தேதி எழுதும்போது கை தவறுவது எளிது, படியெடுக்கும்போது 1 என்பது 7 ஆகலாம். அன்று என்ன கிழமை என்பதில் மனிதர்கள் அவ்வளவு சுலபமாகத் தடுமாறுவதில்லை. தேதியும் கிழமையும் ஒத்துவரவில்லை என்றால், இரண்டில் ஒன்று தப்பு அல்லது நாம் தப்பான நாட்காட்டியில் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

மூன்றாவது சாட்சியும் உண்டு. பாண்டிச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். அவர் தமிழ் ஆண்டுப் பெயர், தமிழ் மாதம், தேதி, கிழமை, கூடவே ஐரோப்பியத் தேதியும் தருகிறவர். பிரெஞ்சு ஊரில் இருந்தவர் என்பதால் அவர் தரும் ஐரோப்பியத் தேதி புதிய கணக்கு. தமிழ்த் தேதிக்கு லண்டனிலும் பாரிசிலும் என்ன சட்டம் போட்டார்கள் என்பது பற்றிக் கவலையே இல்லை, அது சூரியனைப் பார்த்து நடக்கிறது. கோட்டை விழுந்த நாள் அட்சய வருடம் புரட்டாசியின் இரண்டாம் வாரத்தில் வருகிறது. செப்டம்பர் 10 என்பதைப் புதிய கணக்கு என்று எடுத்துக்கொண்டால் அன்று ஆவணியே முடிந்திருக்காது. ஆக 21தான் புதிய கணக்குத் தேதி என்பது தமிழ் மாதத்தாலும் உறுதியாகிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் வீட்டு நாட்காட்டியில் புரட்டாசி செப்டம்பர் 17 வாக்கில் பிறக்கிறது என்பதால், பழைய புரட்டாசித் தேதியையும் அதே கணக்கில் மாற்றிவிடத் தோன்றும். 1746இல் புரட்டாசி நாலைந்து நாள் முன்னாலேயே பிறந்துவிட்டது. நம் சூரிய ஆண்டு கிரகோரி ஆண்டைவிடக் கொஞ்சம் நீளம், சுமார் அறுபது ஆண்டுக்கு ஒரு நாள் தள்ளிப்போகும். நூறு ஆண்டுக்குள் என்றால் ஒன்றிரண்டு நாள் வித்தியாசம். சோழர் காலத்துக்குப் போனால் வித்தியாசம் இரண்டு வாரத்தைத் தாண்டும். இன்றைய பஞ்சாங்கத்தை வைத்துப் பழைய தேதியை மாற்றவே கூடாது. இதற்கென்றே எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 700 முதல் 1799 வரைக்கும் நாள்வாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். 1922இல் சென்னை அரசு வெளியிட்டது. கல்வெட்டு ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். கணினி நிரல்கள் வந்துவிட்டன என்றாலும், நிரல் தரும் விடையை அந்தப் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

ஆண்டுப் பெயரிலும் கவனம் வேண்டும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். சென்னை விழுந்ததும் அட்சய ஆண்டு, வேலூரில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை 10உம் அட்சய ஆண்டு. ஆண்டு சித்திரையில் பிறக்கிறது என்பதால் 'அட்சய வருடம் மாசி' என்றால் 1747 பிப்ரவரி வாக்கில் தேட வேண்டும், 1746இல் அல்ல. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்து ஓலைகளில் கொல்லம் ஆண்டு வரும். கி.பி. ஆண்டு வர, ஆவணி முதல் டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரிக்கு மேல் 825. வருவாய்த்துறைப் பதிவுகளில் பசலி. ஜூலையில் பிறக்கும் ஆண்டு அது. டிசம்பர் வரைக்கும் 590, பிறகு 591.

சென்னை விழுந்த கதைக்குப் பின்குறிப்பாக அடையாற்றுப் போர். ஆற்காடு நவாபின் மகன் மாபூஸ் கான் பெரும்படையோடு வந்து, பரதி என்ற பிரெஞ்சுத் தளபதியின் சிறு படையிடம் தோற்ற சண்டை. ஓரிடத்தில் அக்டோபர் 24, இன்னோரிடத்தில் நவம்பர் 4. எண்ணிப் பாருங்கள், அதே பதினொரு நாள். கோட்டை விழுந்ததைப் புதிய கணக்கில் செப்டம்பர் 21 என்றும், போரைப் பழைய கணக்கில் அக்டோபர் 24 என்றும் ஒரே கட்டுரையில் எழுதினால், நடுவில் உண்மையாக இருந்த நாள்கள் பதினொன்று காணாமல் போகும். நிகழ்வு வரிசையைக் காரண காரியத்தோடு விளக்கும் கட்டுரைக்கு அது பெரிய கேடு. அதனால் ஒரு தேதியை மட்டும் சரிபார்த்துவிட்டு எழுந்துவிடாமல், அந்தக் கட்டுரையின் எல்லாத் தேதிகளும் ஒரே கணக்கில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இன்னொரு ஆபத்து, ஏற்கெனவே மாற்றப்பட்ட தேதியை மறுபடி மாற்றுவது. செப்டம்பர் 21ஐப் பழைய கணக்கு என்று நினைத்துப் பதினொன்று கூட்டினால் அக்டோபர் 2 என்று யாருமே எழுதாத ஒரு தேதி பிறக்கும். நூலின் முன்னுரையில் ஆசிரியர் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறார் என்று பெரும்பாலும் சொல்லியிருப்பார். அந்தப் பக்கத்தை முதலில் படித்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

1752க்கு முந்தைய கம்பெனி ஆவணங்களில் ஆண்டும் ஏமாற்றும். அவர்களுக்குப் புத்தாண்டு மார்ச் 25. 'பிப்ரவரி 1690' என்று தலைப்பிட்ட கடிதம் நம் கணக்கில் 1691 பிப்ரவரியில் எழுதப்பட்டது. கவனமான பதிப்பாசிரியர்கள் 1690/91 என்று இரண்டையும் தருவார்கள். அந்தச் சாய்கோட்டைப் பார்த்து 'இரண்டில் எது என்று தெரியவில்லை போல' என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது.

சென்னை நாளாக நாம் கொண்டாடும் 1639 ஆகஸ்ட் 22க்கும் இதே சிக்கல்கள் உண்டு. தாமர்ல நாயக்கர் கம்பெனிக்கு இடம் தந்த நாள் ஜூலை 22 என்று ஒரு வழக்கும் இருக்கிறது. ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட பழைய சென்னை பற்றிய நூலிலிருந்து அது பரவியது. பிரான்சிஸ் டே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததே ஜூலைக் கடைசியில்தான், அதனால் ஜூலை 22 சாத்தியமில்லை என்பது மறுப்பவர்களின் வாதம். எனக்கு அந்த வாதம் பலமாகத்தான் படுகிறது. ஆனால் விக்கிப்பீடியாவில் என் முடிவுக்கு இடமில்லை. யார் எந்தத் தேதியை எந்தக் காரணத்தோடு சொல்கிறார்கள் என்பதை எழுதிவிட்டு, பரவலாக ஏற்கப்பட்டதை முதலில் வைப்பதே முறை. அந்த ஆகஸ்ட் 22உம் ஆங்கிலேயரின் பழைய கணக்குதான். புதிய கணக்கில் செப்டம்பர் 1. அதற்காக விழாவை யாரும் மாற்ற வேண்டியதில்லை. அடிக்குறிப்பு ஒன்று போதும்.

சரி, நாட்காட்டிச் சிக்கல் பழைய காலத்தோடு முடிந்தது. நம் காலத்துக்கு வந்தால் நள்ளிரவுச் சிக்கல்.

பாரதியார் மறைந்த நாள் 1921 செப்டம்பர் 11 என்றுதான் பல தலைமுறை படித்தது. உயிர் பிரிந்தது அன்று இரவு நள்ளிரவு தாண்டி, ஒன்றரை மணியளவில். கடிகாரக் கணக்கில் அது செப்டம்பர் 12, திங்கட்கிழமை அதிகாலை. மாநகராட்சிப் பதிவும் 12 என்கிறது. அப்படியானால் 11 தவறா? வீட்டில் இருந்தவர்களைக் கேட்டால் 'ஞாயிற்றுக்கிழமை ராத்திரி' என்றுதான் சொல்லியிருப்பார்கள். நம் மரபில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். விடியும்வரை அது ஞாயிறுதான். இரண்டு தேதியும் பொய் இல்லை. எந்த நேரத்தில் நாள் மாறுகிறது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் அவை. 2021இல் நூற்றாண்டையொட்டித் தமிழக அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாக அறிவித்தது. ஆக நினைவு நாள் 11 என்பதற்கு அரசு அறிவிப்பே சான்று, மரணம் 12 அதிகாலை என்பதற்குப் பதிவு சான்று. கட்டுரையில் 'செப்டம்பர் 11 நள்ளிரவுக்குப் பின், 12 அதிகாலை' என்று நேரத்தோடு எழுதிவிட்டால் சண்டையே இல்லை. ஆனால் கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவல் பெட்டியில் ஒரு தேதிக்குத்தான் இடம். அங்கேதான் மாற்றி மாற்றித் திருத்துகிறார்கள். ஒருவர் 12 ஆக்குவார், இன்னொருவர் 'பாடப்புத்தகத்தில் 11' என்று மீட்டமைப்பார். கட்டுரைக்கான விவாதம் நடக்கும் பேச்சுப் பக்கத்தில் நேரத்தையும் காரணத்தையும் விளக்கி, பெட்டியில் உள்ள தேதிக்கு அருகிலேயே குறிப்பு இணைத்து வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே மருந்து.

தனுஷ்கோடியை அழித்த 1964 புயலும் அப்படித்தான். டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி ரயில் அடித்துச் செல்லப்பட்டது. ஊர் அழிந்ததைச் சிலர் 22 என்றும் சிலர் 23 என்றும் எழுதுகிறார்கள். யாழ்ப்பாண நூலக எரிப்பு 1981 மே 31 இரவா, ஜூன் 1ஆ என்பதும் இதே கேள்வி. இரவில் நடந்தவற்றுக்கு '22–23' என்று சேர்த்து எழுதுவதில் எந்தக் குறையும் இல்லை. வெளிநாட்டு நிகழ்வென்றால் நேர வலயமும் சேரும். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு, இங்கே 21 காலை எட்டரை மணி வாக்கு. நிகழ்வு நடந்த இடத்துத் தேதியையே எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நிலவுக்கு என்ன செய்வது என்று ஒருமுறை பேச்சுப் பக்கத்தில் ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. விண்வெளி நிகழ்வுகளுக்கு உலகப் பொது நேரத்தைத் தரலாம், அந்தக் கணக்கில் தரையிறங்கியது 20, காலடி வைத்தது 21 என்று பிரித்து எழுதுவதே நேர்மை.

இலங்கைத் தமிழர் தொடர்பான கட்டுரைகளில் நான் கற்றுக்கொண்ட ஒன்றைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால், ஈமச் சடங்குகளின் நிறைவான அந்தியேட்டியன்று ஒரு நினைவு மலர் வெளியிடுவார்கள். அதற்கு அங்கே 'கல்வெட்டு' என்றே பெயர். நூலகம் நிறுவனம் இப்படிப்பட்ட மலர்கள் பலவற்றை மின்வடிவில் சேர்த்து வைத்திருக்கிறது. உள்ளூர்ப் புலவர்கள், ஆசிரியர்கள், அண்ணாவிமார் (கூத்து ஆசான்கள்) பற்றி எழுதுகிறவர்களுக்கு அது பெரும் புதையல். அதில் 'தோற்றம்: 07 ஆவணி' என்று இருந்தால் நம் கை தானாக ஆகஸ்ட் 23க்குப் போகும். அங்கே ஆங்கில மாதங்களையே தமிழ் மாதப் பெயரால் சொல்லும் வழக்கம் பரவலாக உண்டு. தை என்றால் ஜனவரி, மாசி என்றால் பிப்ரவரி, ஆவணி என்றால் ஆகஸ்ட். 1983 ஜூலையை 'ஆடிக் கலவரம்' என்று சொல்வதும் அந்த வழக்கில்தான். ஆக அந்த '07 ஆவணி' ஆகஸ்ட் 7ஆக இருக்கலாம்.

எது என்று முடிவு செய்ய வழியும் அதே மலரில் கிடைக்கும். முதல் பக்கங்களில் திதி வெண்பா என்று ஒன்று இருக்கும். இறந்த ஆண்டின் பெயர், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று வெண்பாவில் கட்டி வைத்திருப்பார்கள். திவசம் கொடுக்க வேண்டிய நாள் குடும்பத்துக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்படுவது அது. அதனால் அதில் கவனக்குறைவு மிகக் குறைவு. மறைவுத் தேதி '07 ஆவணி' என்று போட்டு, வெண்பாவில் ஆடி மாதம் என்று வந்தால் விஷயம் தெளிவாகிவிடும். ஆகஸ்ட் 7 பஞ்சாங்கப்படி ஆடியின் நான்காம் வாரம். திதியையும் பார்த்துவிட்டால் நாள் உறுதி. மறைவுத் தேதியில் இந்த வழக்கம் உறுதியானால், அதே மலரின் பிறந்த தேதியையும் அப்படியே படிக்கலாம். ஒரு நாட்டுக்கூத்துக் கலைஞரின் கட்டுரையில் எனக்கு இதைக் காட்டித் தந்தவர் யாழ்ப்பாணத்து மூத்த பங்களிப்பாளர் ஒருவர். 'தம்பி, வெண்பாவைப் பாத்தனீங்களோ?' என்று பேச்சுப் பக்கத்தில் ஒரே வரி எழுதினார். அதற்கு முன்பு வரைக்கும் அந்தப் பக்கத்தை நான் புரட்டிவிட்டுப் போகிறவனாக இருந்தேன்.

பிறந்த தேதிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி பல வேளை தலைமையாசிரியர் போட்டது. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காக மே, ஜூன் தேதிகளாகவே இருக்கும். ஒரு சிற்றிதழ் ஆசிரியரின் மகளிடம் தொலைபேசியில் கேட்டபோது, 'அது வாத்தியார் போட்டதுங்க. அப்பா பொறந்தது ஐப்பசி அடைமழையில, சுவாதி நட்சத்திரம்' என்றார். ஓய்வூதிய ஆவணம், அரசு விருதுக் குறிப்பு எல்லாம் சான்றிதழ்த் தேதியையே பின்பற்றும். அதனால் அந்த ஐந்தாறு சான்றுகளும் உண்மையில் ஒரே சான்றுதான். குடும்பத்தார் தொலைபேசியில் சொன்னதை மேற்கோளாகத் தர முடியாது. அவர்கள் மணிவிழா மலரிலோ நேர்காணலிலோ அதை அச்சில் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டால் பெரும்பாலும் ஏதாவது எடுத்துக் கொடுப்பார்கள். பிறகு இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து என்று சொல்லிவிடலாம்.

ஜனவரி 1 பக்கத்தில் பிறப்புகள் கூட்டம் கூட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஆண்டு மட்டும் தெரிந்த பிறப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது, நாள் கட்டத்தைக் காலியாக விட முடியாத மென்பொருள் '01-01' என்று நிரப்பிவிடும். அது இன்னொரு தளத்துக்குப் போகும்போது உண்மையான பிறந்த நாளாகிவிடுகிறது. விக்கிப்பீடியாவின் துணைத் தரவுத்தளமான விக்கித்தரவில் தேதியோடு துல்லிய அளவையும் பதியலாம். ஆண்டு மட்டும், மாதம் வரை, நாள் வரை என்று தேர்ந்தெடுக்கலாம். ஜூலியனா கிரகோரியா என்பதையும் குறிக்கலாம். அந்த இரண்டு கட்டங்களையும் பார்க்காமல் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டு வரக் கூடாது.

துல்லியம் என்றதும் எனக்குத் தஞ்சைப் பெரிய கோயில்தான் நினைவுக்கு வரும். இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தான் என்று கல்வெட்டு சொல்கிறது. ஆட்சியாண்டும் நாளும் இவ்வளவு துல்லியமாக இருப்பதைப் பார்த்து, அதை ஒற்றைக் கிரகோரித் தேதியாக்கி 'இன்றைய நாளில்' சேர்க்க ஆசை வரும். ஆனால் ஆட்சி தொடங்கிய நாள் நமக்குத் திட்டமாகத் தெரியாது. கல்வெட்டுகளை வைத்து ஆய்வாளர் கீல்ஹார்ன் கணக்கிட்டது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையே என்பதுதான். அங்கிருந்து எண்ணினால் 25ஆம் ஆண்டின் 275ஆம் நாள் 1010 மார்ச் 26 முதல் ஏப்ரல் 25 வரை எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஒரு மாத அகலம் உள்ள விடை அது. அதோடு கல்வெட்டு சொல்வது குடம் கொடுத்ததை. குடமுழுக்கு நடந்த நாள் என்று அதை மாற்றி எழுதுவது கல்வெட்டு சொல்லாத ஒன்றைச் சொல்வது. '1010 வசந்தகாலம்' என்று எழுதினால் குறைவாகச் சொன்னதுபோல் தோன்றலாம். சான்று தாங்குவது அவ்வளவுதான்.

எந்த நிகழ்வின் தேதி என்ற கேள்வியும் இதை ஒட்டியதுதான். சென்னை மாநிலத்துக்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைக்கச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1967 ஜூலை 18. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. மொழிவாரி மாநிலம் அமைந்தது 1956 நவம்பர் 1. மூன்றையும் 'தமிழ்நாடு உருவான நாள்' என்ற ஒரே வரியால் குறிப்பவர்கள் உண்டு. சென்னை மாநகராட்சிக்கும் பட்டயம் 1687 டிசம்பர் 30, தொடக்கம் 1688 செப்டம்பர் 29. வினைச்சொல்லைச் சரியாகப் போட்டால் முரண்பாடு பாதி தீர்ந்துவிடும். தீர்மானம் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது, பட்டயம் வழங்கப்பட்டது, பதவியேற்றது என்று எழுத வேண்டும். மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது 1801 அக்டோபர் 24. காளையார்கோவிலில் குருபூசை அக்டோபர் 27. விழாத் தேதியைப் பார்த்து இறந்த தேதியைத் 'திருத்துகிறவர்களிடம்' பொறுமையாக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்தித்தாளைச் சான்றாக எடுக்கும்போது தலைப்புத் தேதியை அப்படியே எடுக்காமல், செய்தியின் தொடக்கத்தில் ஊர்ப் பெயரோடு உள்ள தேதியைப் பாருங்கள். 'நேற்று' என்பது அந்தத் தேதிக்கு முந்தைய நாள். வார இதழ்களின் அட்டைத் தேதி கடைக்கு வந்த நாளுக்குப் பிந்தையதாக இருக்கும், அதைவைத்து வெளியீட்டு விழாத் தேதியைச் சொல்ல முடியாது. பழைய இதழ்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா, தரமணியில் உள்ள ரோஜா முத்தையா நூலகம் மூன்றும் எனக்குக் கைகொடுத்திருக்கின்றன.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது சுற்றிவரும் சான்று. சான்றில்லாத ஒரு தேதி விக்கிப்பீடியாவில் ஏறுகிறது. அதைப் பார்த்து ஒரு நாளிதழின் இணைப்பிதழில் கட்டுரை வருகிறது. பிறகு அந்த இணைப்பிதழே மேற்கோளாக விக்கிப்பீடியாவுக்குத் திரும்பி வருகிறது. இப்போது பார்க்கிறவருக்குச் சான்றுள்ள தேதி. இதைக் கண்டுபிடிக்க, கட்டுரையில் நடந்த திருத்தங்களைக் காட்டும் 'வரலாறு' பக்கம் போதும். அந்தத் தேதி கட்டுரையில் முதன்முதலில் எப்போது சேர்க்கப்பட்டது, மேற்கோள் காட்டப்படும் கட்டுரை எப்போது வெளிவந்தது என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும். விக்கிப்பீடியாவில் 2009இல் ஏறிய தேதிக்கு 2014இல் வந்த கட்டுரை சான்றாக முடியாது, அது தன் மூலத்தைச் சொன்னாலொழிய. தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது 2003இல். அதற்கு முன் அச்சான நூல் ஒன்று கிடைத்துவிட்டால் இந்தச் சந்தேகம் அடியோடு போய்விடும். அதனால் பழைய நூல்களையே முதலில் தேடுகிறேன்.

சரிபார்த்து முடித்ததும் பேச்சுப் பக்கத்தில் குறிப்பு எழுதுவதை ஒருநாளும் விடுவதில்லை. எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம், மூலத்தில் தேதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுத்து மாறாமல் தருவேன். நான் செய்த மாற்றம் என்ன, எந்தக் கணக்கில் என்பதைத் தனி வரியில் தருவேன். மூல வடிவம் அங்கே இருந்தால், பின்னால் வருகிறவர் என் கணக்கைச் சரிபார்க்க மறுபடி எழும்பூர் போக வேண்டியதில்லை. அடையாற்றுப் போருக்கு அப்படி எழுதி வைத்த குறிப்பில் நவம்பர் 4க்கு நேரே 'வெள்ளி' என்று கிழமையையும் சேர்த்திருக்கிறேன். அக்டோபர் 24 என்று யாராவது மாற்ற வந்தால், பழைய கணக்கில் அதுவும் வெள்ளிதான் என்பதை அவரே பார்த்துக்கொள்ளலாம்.